விபத்தினால் வரும் நஷ்டமும் அதற்குரிய ஈடும்

"பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. மோட்டார் வண்டியால் மோதப்பட்டுக் கால் முறிந்த குடியானவர் ஒருவருடைய வீட்டில் இப்பழமொழி அப்படியே மெய்யாவதைக் காணலாம். முதல் அடி சாலையில் விழுகிறது. இரண்டாவது அடி வீட்டில் விழுகிறது. வைத்தியச் செலவுக்காக நகை அடகுக்குப் போகிறது. கறவை மாடு விலையாகிறது. அதுவும் போதாமல் அதிக வட்டிக்குக் கடன் வாங்க நேருகிறது. முதல் அடியை வைத்தியர் ஆற்றிவிடக்கூடும். இரண்டாவது அடியோ பிள்ளைகள் காலம் வரையில் ஆறாமல் நிற்பதுண்டு.

இந்த இரண்டாவது அடியின் பாரம் அடிபட்டவர் தலையில் விழலாகாது என்பதே சட்டத்தின் கொள்கை. வண்டியால் தீங்கு நேர்ந்தால் வண்டிக்குடையவரும், அவருக்காகப் பொறுப்பேற்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதற்கு ஈடு செய்யவேண்டும். ஆனால் சட்டம் தானாக வீடு தேடி வந்து பணம் கொடுப்பதில்லை. உரிய காலத்தில், கணக்கும் காகிதமும் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கே அது முழுமையாகக் கிடைக்கிறது. கணக்கும் காகிதமும் கூட்டுறவுச் சங்கத்தாருக்குப் புதியவை அல்ல. ஆகையால் இவ்விஷயம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ளத் தக்கதாகும்.

1. பொறுப்பு யாருடையது?

பண்டைய ஆங்கிலச் சட்டத்தின்படி, காயப்பட்டவர் இறந்துவிட்டால் அவருடைய வழக்கும் அவரோடு முடிந்துபோகும். பெண்டு பிள்ளைகள் ஒன்றும் கேட்க இயலாது. இக்குறையை நீக்குவதற்காக இந்தியாவில் 1855ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்யப்பட்டது. அதன்படி, பிறருடைய குற்றத்தால் இறந்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், மக்கள் ஆகியோர்க்காக நஷ்டஈடு கேட்க வழி பிறந்தது. எனினும் சிவில் கோர்ட்டுக்குச் சென்று, தொகைக்கேற்ற முத்திரைக் கட்டணம் செலுத்தி, வருஷக்கணக்காக வழக்காடுவது ஏழைகளுக்கு எட்டாத காரியமாகவே இருந்தது. வழக்கு ஜெயித்தாலும், வண்டிக்காரரிடம் பொருள் இல்லையேல் தீர்ப்பு வெறும் காகிதமாயிற்று.

1939ஆம் வருஷத்து மோட்டார் வண்டிச் சட்டம் இதற்குப் பரிகாரம் தேடியது. பிறருக்கு நேரும் தீங்குக்காக ஒவ்வொரு வண்டியும் இன்ஷூர் செய்யப்படவேண்டும் என்னும் விதி 1946ஆம் வருஷம் ஜூலை மாதம் 1ஆம் தேதி முதல் அமுலுக்கு வந்தது. 1956ஆம் வருஷத்துத் திருத்தத்தினால், இவ்வழக்குகளை மட்டும் விசாரிப்பதற்குத் தனி நஷ்டஈட்டு டிரிப்யூனல்கள் ஏற்பட்டன. இப்போது நடைமுறையில் இருப்பது 1988ஆம் வருஷத்துச் சட்டமும் அதற்கு 2019ஆம் வருஷத்தில் செய்யப்பட்ட திருத்தங்களுமாகும். விபத்து நடந்த இடம், எதிர்க்கட்சியாரின் இருப்பிடம் ஆகியவற்றின் டிரிப்யூனலில் மட்டுமன்றி, அடிபட்டவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய டிரிப்யூனலிலும் மனுச் செய்யலாம். வேறு ஜில்லாவில் அடிபட்டதால் அங்கே நடையாய் நடக்கவேண்டும் என்பதில்லை.

2. இரண்டு வழிகள்

நஷ்டஈடு கேட்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. இவற்றின் வேற்றுமையை அறியாமல் நஷ்டப்பட்டவர் பலர்.

முதல் வழி, யாருடைய குற்றம் என்று நிரூபியாமலே பெறும் நிலையான தொகை. 1982ஆம் வருஷத்தில் இம்முறை ஏற்பட்டபோது மரணத்திற்கு 15,000 ரூபாயும், நிரந்தர ஊனத்திற்கு 7,500 ரூபாயும் குறிக்கப்பட்டன. அத்தொகைகள் படிப்படியாக உயர்ந்து, 2022ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1ஆம் தேதி முதல், மரணத்திற்கு 5 லட்சம், கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சம் என்று ஆயின.

இரண்டாவது வழி, வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்து, உண்மையில் நேர்ந்த நஷ்டம் முழுவதையும் கேட்பது. இதற்கு மேல் வரம்பு இல்லை. அவரவர் வயது, வருமானம், ஊனம் ஆகியவற்றுக்குத் தக்கவாறு தொகை அமையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நிலையான தொகையைக் கம்பெனியிடம் சமாதான முறையில் ஒப்புக்கொண்டு பெற்றுவிட்டால், டிரிப்யூனலில் போட்ட பெரிய மனு அத்துடன் இறந்துபடும் என்று 2019ஆம் வருஷத்துத் திருத்தம் விதிக்கிறது. ஆகவே, எந்த வழி தமக்கு உசிதம் என்று தேறாமல் கையெழுத்திடுவது தவறு. கொடுங்காயமாயினும் நாளடைவில் முழுதும் ஆறிவிடுவதாயின் முதல் வழி போதுமானதாகலாம். குடும்பத்தைத் தாங்குபவர் உழைக்க இயலாமற் போனால் இரண்டாவது வழியையே ஆராயவேண்டும்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டு, அது இன்னதென்று தெரியாமற்போனால், அதற்கும் ஒரு திட்டம் உண்டு. 2022ஆம் வருஷத்துத் திட்டப்படி மரணத்திற்கு 2 லட்சமும், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் அளிக்கப்படும். இதற்குரிய மனுவைத் தாலுகா அல்லது கோட்ட ரெவினியூ அதிகாரி விசாரிப்பார்; ஜில்லா கலெக்டர் உத்தரவிடுவார்.

3. நஷ்டத்தை அளப்பது எப்படி?

டிரிப்யூனல் மனம்போனபடி தொகை குறிப்பதில்லை. அதற்குக் கணக்கு உண்டு. ஓர் உதாரணத்தால் இதைப் பார்க்கலாம்.

தென்னை மரம் ஏறும் தொழிலாளி ஒருவருக்கு வயது 38, மாத வருமானம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாரி மோதிக் கால் முறிந்தது. எலும்பு கூடியபோதிலும் முழங்கால் மடங்கவில்லை. ஊனம் நூற்றுக்கு 30 என்று வைத்தியர் சான்று கொடுக்கிறார்.

வருஷ வருமானம் 1,44,000 ரூபாய். வருங்காலத்தில் வருமானம் உயரக்கூடுமாதலால், 40 வயதுக்குட்பட்ட சுயதொழிலாளருக்கு நூற்றுக்கு 40 கூட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017ஆம் வருஷத்தில் வரையறுத்தது. கூட்டினால் 2,01,600 ரூபாய் ஆகிறது. இதில் நூற்றுக்கு 30 பங்கு நஷ்டம் என்றால் வருஷத்திற்கு 60,480 ரூபாய். 36 முதல் 40 வயது வரையில் உள்ளவருக்கு இதை 15ஆல் பெருக்கவேண்டும் என்பது 2009ஆம் வருஷத்துத் தீர்ப்பின் அட்டவணை. பெருக்கினால் 9,07,200 ரூபாய்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. உடம்பில் ஊனம் வேறு, தொழிலில் ஊனம் வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் வருஷத்தில் தெளிவாக்கியது. கை இழந்த தச்சருக்கும், கை இழந்த குமாஸ்தாவுக்கும் நஷ்டம் ஒன்றல்ல. அதுபோலவே, மடங்காத முழங்காலுடன் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்யலாம். தென்னை ஏற முடியாது. இத்தொழிலாளியின் சம்பாத்தியத்தில் குறைவு நூற்றுக்கு 60 என்று டிரிப்யூனல் கண்டால், தொகை 18,14,400 ரூபாய் ஆகிவிடும். அதாவது இரட்டிப்பு. "நான் மரம் ஏறிப் பிழைத்தவன், இனி ஏற இயலாது" என்பதைச் சாட்சியத்தால் காட்டினாரா, காட்டவில்லையா என்பதில் இருக்கிறது இந்த 9,07,200 ரூபாய் வித்தியாசம்.

இவையன்றி, வைத்தியச் செலவு, போக்குவரத்து, உடனிருந்து பார்த்தவர் இழந்த கூலி, இனிமேல் வேண்டிய சிகிச்சை, பட்ட வேதனை ஆகியவற்றுக்கும் தனித்தனியே கேட்கலாம். தீர்ப்புத் தொகைக்கு, மனுச் செய்த தேதி முதல் வட்டி அளிக்கவும் டிரிப்யூனலுக்கு அதிகாரம் உண்டு.

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வருமானமில்லை, ஆகையால் நஷ்டமுமில்லை என்று எண்ணுவது பிழை. சமைப்பதும், பிள்ளை வளர்ப்பதும், மாடு கறப்பதும் உழைப்பே. அவ்வுழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2001ஆம் வருஷத்திலும் 2021ஆம் வருஷத்திலும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

4. வருமானத்திற்குச் சாட்சி எது?

மேற்கண்ட கணக்கு முழுவதும் "மாத வருமானம் 12,000" என்னும் ஒரு வரியின்மேல் நிற்கிறது. அந்த வரியை நிரூபிப்பது யார்? சர்க்கார் உத்தியோகஸ்தருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. கூலிக்காரருக்கும் சிறு விவசாயிக்கும் அது இல்லை. வாய்ச்சொல் ஒன்றையே நம்பி நின்றால், எதிர்க்கட்சி வக்கீல் அதை மறுப்பார். டிரிப்யூனலும் உத்தேசமாக ஒரு தொகையை வைத்துக்கொள்ளும். அது உண்மை வருமானத்துக்குக் குறைவாகவே இருக்கக்கூடும்.

இங்கேதான் சங்கத்தின் புஸ்தகங்கள் உதவுகின்றன. பால் சங்கத்தில் அன்றாடம் ஊற்றிய அளவும் பெற்ற பணமும் பாஸ் புஸ்தகத்தில் உண்டு. விவசாயக் கடன் சங்கத்தில் பயிரின் பரப்பும், கடன் தொகையும், திருப்பிச் செலுத்திய தேதிகளும் உண்டு. விற்பனைச் சங்கத்தில் மூட்டைக் கணக்கும் விலையும் உண்டு. இவை விபத்துக்கு முன்னரே, வழக்கை நினையாமல் எழுதப்பட்டவை. ஆகையால் இவற்றுக்கு மதிப்பு அதிகம். விபத்துக்குப் பின் எழுதி வாங்கும் சான்றுக்கு அத்தகைய மதிப்பு இராது.

இதிலிருந்து இரண்டு கடமைகள் பெறப்படுகின்றன. அங்கத்தினர் தம் பாஸ் புஸ்தகத்தைப் பதிவின்றி விடலாகாது; பாலைச் சங்கத்துக்கு ஊற்றாமல் பாதியை வெளியில் கணக்கின்றி விற்பவருக்கு, அப்பாதி வருமானத்துக்குச் சாட்சி இல்லாமற்போகும். காரியதரிசி பேரேட்டை அன்றாடம் எழுதவேண்டும். அங்கத்தினர் கேட்கும்போது நகலைத் தாமதமின்றி அளிக்கவேண்டும். நன்கு எழுதப்பட்ட பேரேடு தணிக்கைக்கு மட்டும் அன்று. ஒரு குடும்பத்தின் சோற்றுக்கும் அது சாட்சி.

5. முதல் நாட்களில் செய்யவேண்டியவை

அடிபட்டவரை உடனே 108 வண்டியிலோ, கிடைத்த வாகனத்திலோ வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். சாட்சிக்கு இழுப்பார்கள் என்று அஞ்சிப் பலர் விலகிப் போகிறார்கள். அவ்வச்சம் வேண்டியதில்லை. நல்லெண்ணத்துடன் உதவியவர்மேல் வழக்கு வராது என்றும், தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் 2019ஆம் வருஷத்துத் திருத்தம் காப்பு அளிக்கிறது.

சிகிச்சைப் பணத்துக்காக அன்றே கடன்காரரிடம் ஓடவும் வேண்டாம். விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2021ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அரசாங்கம் 2025ஆம் வருஷம் மே மாதத்தில், 7 நாள் வரையில் 1,50,000 ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சையைப் பணம் செலுத்தாமல் பெறும் திட்டத்தை அறிவித்தது. இத்திட்டங்களில் சேர்ந்த வைத்தியசாலை அருகில் எது என்பதைச் சங்கத்தார் முன்னரே கேட்டறிந்து, சங்கக் கட்டடத்தில் எழுதி வைத்தல் நலம்.

வைத்தியசாலையில் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதை உறவினர் கவனிக்கவேண்டும். கலக்கத்தில் ஒருவர் "கீழே விழுந்துவிட்டார்" என்று சொல்ல, அவ்வாறே எழுதப்பட்டுவிடும். பின்னர் "லாரி மோதியது" என்று மனுப்போட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அவ்வொரு வரியைக் காட்டி மறுக்கும். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்பதை உள்ளபடி சொல்லி எழுதச் செய்யவேண்டும். இல்லாததைச் சேர்த்துச் சொல்வதும் அதே அளவு கேடு. பொய் கலந்த மனு மெய்யையும் கெடுக்கும்.

போலீஸ் ஸ்டேஷனில் தாமதமின்றிப் புகார் எழுதி வைத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறவேண்டும். புகார் கொடுத்தவருக்கு அந்நகல் இலவசம். காயச் சான்று, மருந்துச் சீட்டுகள், ரசீதுகள், எக்ஸ்ரே படங்கள், வண்டியின் நம்பர், இன்ஷூரன்ஸ் விவரம் ஆகிய யாவும் ஒரே பையில் இருக்கவேண்டும். ரசீது இல்லாத செலவு செய்யாத செலவுக்கே ஒப்பாகும்.

டிரிப்யூனலில் மனுச் செய்ய, விபத்து நடந்த நாள் முதல் 6 மாதம் என்று 2022ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் கெடு விதிக்கப்பட்டது. இவ்விதி உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அதை நம்பிக் காலம் கடத்துவது விவேகம் அன்று. கட்டு அவிழ்த்து எழுந்து நடந்தபிறகு பார்க்கலாம் என்று இருந்தால், கெடு கடந்துவிடும்.

வக்கீல் வைக்கப் பணமில்லாதவருக்கு ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் தாலுகாக் குழுவும் உண்டு. பெண்கள், சிறுவர், ஊனமுற்றோர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், மலைவாழ் மக்கள் ஆகியோர்க்கு வருமானம் பாராமல் இலவச உதவி அளிக்க 1987ஆம் வருஷத்துச் சட்டம் வகை செய்கிறது. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்டுப் பேரம் பேசுவது வக்கீல் தொழில் விதிகளுக்கு விரோதம். அவ்வாறு பேசிக்கொண்டு வைத்தியசாலைக்கே வரும் தரகர்களை நம்பலாகாது.

6. ராஜிப் பத்திரம்

கிராமங்களில் விபத்து நடந்த மறுநாளே வண்டிக்குடையவர் நாலு பெரியவர்களுடன் வந்து, 20,000 அல்லது 30,000 ரூபாயை வைத்து, "போலீஸ், கோர்ட்டு என்று போகவேண்டாம், ஊருக்குள்ளே முடித்துக்கொள்வோம்" என்பது வழக்கம். வீட்டில் மருந்துக்குக் காசில்லாத நேரம் அது. கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துக் கால் கோணலாகக் கூடியிருப்பது தெரிகிறது. அப்போது அப்பத்திரம் எதிர்க்கட்சியின் கையில் ஆயுதமாகிறது. புகாரும் இல்லை, பதிவும் இல்லை.

சமாதானம் தீமையன்று. காயத்தின் பலன் தெரியுமுன் செய்யும் சமாதானமே தீமை. சமாதானமாகப் போக விரும்புவோர் லோக் அதாலத்தில் செய்துகொள்ளலாம். அங்கே இரு தரப்பும் ஒப்பிய தொகை தீர்ப்பாகவே எழுதப்படும். அதன்மேல் அப்பீல் கிடையாதாகையால் நன்கு யோசித்தே ஒப்பவேண்டும்.

அந்த முதல் வாரத்தில் மருந்துச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் சங்கம் விதிகளுக்குட்பட்டு ஒரு சிறு கடனை விரைவில் அளிக்க முடியுமானால், அதுவே அங்கத்தினரை அவசர ராஜியினின்றும் காக்கும். 30,000 ரூபாய்க்காகப் பல லட்சத்தை எழுதிக் கொடுப்பது, அந்த 30,000 வேறு எங்கும் கிடைக்காததனால்தான்.

7. வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

இன்று அடிபடுபவரும் அங்கத்தினர். வண்டி வைத்திருப்பவரும் அங்கத்தினர். ஆகையால் மறுபக்கத்தையும் அறியவேண்டும்.

இன்ஷூரன்ஸ் தவறிய வண்டி மோதினால் முழுத் தொகையும் உடையவர் தலையில் விழும். நிலமும் வீடும் ஜப்திக்கு வரலாம். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்து விபத்து நேர்ந்தால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு உடையவரிடம் வசூலிக்க டிரிப்யூனல் உத்தரவிடலாம். வயது வராத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுக்கும் தந்தைக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரையில் சிறையும் 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தில் உண்டு.

வண்டியை விற்றுப் பணம் வாங்கியவர், பதிவுப் புஸ்தகத்தில் பெயரை மாற்றாமல் விட்டால், பதிவில் உள்ளவரே உடையவர் என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் வருஷத்தில் தீர்த்தது. விற்றவர் எங்கோ இருக்க, வாங்கியவர் மோதிய விபத்துக்கு அவரே பொறுப்பாளி ஆவார்.

டிராக்டர் டிரெயிலரில் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வது மிகவும் அபாயம். விவசாயத்திற்கென்று இன்ஷூர் செய்த வண்டியில் ஏறியவர்களுக்குக் கம்பெனி பொறுப்பேற்பதில்லை. வண்டி கவிழ்ந்தால் இருபது குடும்பங்களின் நஷ்டஈடும் ஒரு விவசாயியின் தலையில் வரும்.

8. பணம் கைக்கு வந்தபின்

பெருந்தொகை ஒரே நாளில் வந்தால், அதை நாடி உறவினரும் கடன்காரரும் வருவார்கள். இதனாலேயே சிறுவர், எழுத்தறியாதார் ஆகியோரின் பங்கை நீண்டகால டிபாசிட்டில் வைத்து வட்டியை மட்டும் கொடுக்கும் முறையை நீதிமன்றங்கள் கைக்கொண்டன. பெரியவர்களும் அம்முறையைத் தாமாகவே பின்பற்றுதல் நன்று. அத்தொகை சம்பாத்தியம் அன்று. இழந்த காலுக்கும், இனி உழைக்க இயலாத வருஷங்களுக்கும் விலை.

இதைச் சங்கத்தாரும் நினைவில் வைக்கவேண்டும். 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், அதன்படி கிடைக்கும் பணத்தைக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாதென்று விதித்தது. அவ்விதியின் கருத்து பெரிது. அடிபட்ட அங்கத்தினர் சங்கத்துக்குப் பாக்கி வைத்திருந்தால், தவணையை நீட்டி, அவருடைய புதிய சம்பாத்தியத்துக்கேற்ப வசூலிப்பதே முறை. கடன்காரர் வரிசையில் முதல்வராகச் சங்கம் போய் நிற்குமானால், மற்றவருக்கும் சங்கத்துக்கும் வேற்றுமை இல்லை.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத் தக்க வினாக்கள்

1. நம் சங்கத்து அங்கத்தினரில் எத்தனை பேரின் பாஸ் புஸ்தகங்கள் இன்று வரையில் பதிவாகியிருக்கின்றன?

2. விபத்தில் அடிபட்ட அங்கத்தினருக்கு ஒரு வாரத்துக்குள் கடன் அளிக்க நம் விதிகளில் இடம் உண்டா? இல்லையேல் என்ன திருத்தம் வேண்டும்?

3. பணம் செலுத்தாமல் விபத்துச் சிகிச்சை பெறத்தக்க வைத்தியசாலை நம் ஊருக்கு அருகில் எது?

4. நம் ஊரில் விற்கப்பட்டும் பெயர் மாற்றப்படாத வண்டிகள் எத்தனை? இன்ஷூரன்ஸ் தவறியவை எத்தனை?

5. மேலே கண்ட தென்னைத் தொழிலாளியின் வயது 48ஆக இருந்தால் கூட்டுவது நூற்றுக்கு 25, பெருக்குவது 13. அவருக்குரிய தொகை என்ன?